அத்தையின் மிச்சப் பாதி

எங்கள் அத்தை எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை. முடிக்கத் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் விட்டால்தானே.

அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. வாடிக்கையாளர் "ஒரு முக்கால்..." என்று இழுக்கும்போதே ஆணியைப் பொட்டலம் கட்டி நீட்டிவிடுவார். அதே சுறுசுறுப்பு வீட்டிலும்.

"அண்ணா, நாளைக்கு காலேஜ்ல..." என்று ஒருமுறை ஆரம்பித்தாள் அத்தை.

"லீவா? நல்லதாப் போச்சு. எனக்கு வெளிய வேலை இருக்கு, நீ கடையில உக்காரும்மா."

அத்தை கடையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கல்லூரியில் பாராட்டுக் கூட்டம் வைத்திருந்தார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் அப்பாவையும் தாண்டியவன். வேண்டுமென்றே தப்பாக முடித்துவைப்பேன். "தலை ரொம்ப..." என்பாள். "காலியா இருக்கா அத்த?" என்பேன். முறைப்பாள். அப்புறம் அவளே சிரித்துவிடுவாள்.

அத்தை விலங்கியல் சொல்லித் தருகிறாள். ஆராய்ச்சி, சிலந்தி பற்றி. வலையைக் கலைத்தால் அது அடுத்து என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. அதனால் எங்கள் முன் அறையின் ஒரு மூலை ஒட்டடைக்கு மட்டும் ஏகப்பட்ட மரியாதை. விருந்தாளி அண்ணாந்து பார்ப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வாள்: "அது படிப்பு சம்பந்தப்பட்டதுங்க, நான் பெருக்காம விட்டது இல்ல."

அந்தச் சிலந்தியை ஒரு பெரிய கருத்தரங்கில் ஏற்றுக்கொண்டார்கள். இணையவழிக் கருத்தரங்கு. பேச்சை வீட்டிலேயே வீடியோவாக எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். அன்றைக்கு அதை ஓடவிடுவார்கள். கடைசியில் மட்டும் நேரடிக் கேள்வி. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

"டேய் வாலு, வீடியோன்னா நடுவுல யாரும் குறுக்க..."

"வர முடியாது," என்று நான் முடித்துவைத்தேன்.

பத்தாம் வகுப்பு என்னைக் கைவிட்டதிலிருந்து நான் கடையில் ஆணி எண்ணுகிறேன். ஆனால் ஊரைக் கலாய்க்கும் வீடியோக்களை வெட்டி ஒட்டுவதில் என்னை அடிக்க ஆளில்லை. எனவே நான்தான் ஒளிப்பதிவாளர். ஜன்னலைச் சாத்தினோம். இரைச்சல் போடும் மின்விசிறியை நிறுத்தினோம். இஸ்திரிப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்தோம். அப்பாவைக் கடைக்கு விரட்டினோம். அனுப்ப அன்றைக்கே கடைசி நாள்.

"வலையைக் கலைச்சதும் சிலந்தி முதல்ல..." என்றாள் அத்தை. நிறுத்தினாள். கேமராவைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

போனுக்கு என்ன தெரியும்? அது சும்மா இருந்தது. அத்தை அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். அதுவும் பாதியில் நின்றது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே கதை. இத்தனை வருஷமாக மிச்சத்தை நாங்கள் சொல்லிச் சொல்லி, மிச்சம் என்று ஒன்று அவள் வாயில் வருவதே நின்றுபோயிருந்தது.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"பேசாம என் பேரை எடுத்துடச் சொல்லி..."

அந்த வாக்கியத்தின் முடிவு எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் முடிப்பதாக இல்லை.

"கடைசியா ஒரு தடவை அத்த. எனக்காக."

"வலையைக் கலைச்சதும் சிலந்தி முதல்ல..."

"பயந்து வீட்டை விட்டே ஓடிடும்," என்றேன் போனுக்குப் பின்னாலிருந்து.

"ஓடாதுடா! யார் சொன்னா? அதே சுவத்துலதான் இருக்கும். கொஞ்சம் கீழ இறங்கி, அசையாம இருந்து, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுத்தான் அடுத்த இழையை விடும்!"

முற்றுப்புள்ளி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் திகைத்துப் போனோம்.

அப்புறம் என்ன, நான் சிலந்தி இனத்தையே அவமானப்படுத்த ஆரம்பித்தேன். அதற்கு ஆறு கால் என்றேன். சோம்பேறி என்றேன். அதற்கு எறும்பே மேல் என்றேன். அத்தை ஒவ்வொன்றுக்கும் விரலை நீட்டி நீட்டிப் பதில் சொன்னாள். பிறகு உட்கார்ந்து என் குரலை மட்டும் வெட்டி எறிந்தேன். மீதி இருந்தது, கண்ணில் பொறி பறக்க, உலகத்தையே நிற்க வைத்துப் பாடம் எடுக்கும் ஒரு பெண்மணி. ஒரே ஒரு "அறிவு கெட்டவனே" மட்டும் அடுத்த வார்த்தையோடு ஒட்டிக்கொண்டு வெட்ட வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கருத்தரங்கு நாள் வந்தது. வீடியோ ஓடியது. அந்த "அறிவு கெட்டவனே" வந்தபோது திரையில் கட்டம் கட்டமாக இருந்த பேராசிரியர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கேள்வி நேரம். தலைவர் கேட்டார்: "அப்ப அது பழைய மூலைக்கே திரும்பிடுதா?"

"இல்லைங்க, எங்க வீட்டுல நான் பாத்த வரைக்கும்..."

"புரியுது, புரியுது. இடம் பிடிக்காம மாறிடுது. அதானே சொல்ல வர்றீங்க?"

தலைவர் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும். அத்தை வாயை மூடிக்கொண்டாள். நேரடியாகப் போய்க்கொண்டிருப்பதில் என் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை. மடிக்கணினிக்குப் பின்னால் நின்று, இரண்டு விரலைக் கால்களாக்கிக் காற்றில் ஓடவிட்டுக் காட்டினேன்: ஓடிடும், அத்த, ஓடிடும்.

அத்தையின் விரல் நிமிர்ந்தது.

"நான் சொல்ல வந்தது அது இல்லைங்க. கொஞ்சம் இருங்க, முடிச்சிடறேன்."

முடித்தாள். நிதானமாக, முழுசாக. வாசலில் நின்ற அப்பாவுக்கு வாய் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் அத்தை, "அண்ணா, அந்த மூலை ஒட்டடையை..." என்றாள்.

"தொடக் கூடா..." என்று பாய்ந்த அப்பா, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். வீடே காத்திருந்தது.

"அடிச்சிடலாம். ஆராய்ச்சிதான் முடிஞ்சிடுச்சே."

அது ஒருவரும் எதிர்பார்க்காத முடிவு. அம்மா ஓடிப்போய் ஒட்டடைக் குச்சியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். வீட்டிலேயே நான்தான் உயரம்.

எல்லா மூலையும் அடித்தேன். அந்த ஒரு மூலை மட்டும் எட்டவில்லை.