வயிற்றுக்குப் பயப்படச் சொன்ன டாக்டர்

செய்தி வந்தபோது நான் கக்கூஸில் உட்கார்ந்திருந்தேன். இதை மறைத்துவிட்டு, பேப்பரை விரித்தபோது தலையில் இடி விழுந்தது என்று கௌரவமாக எழுதியிருக்கலாம். ஆனால் சவரிமுத்து டாக்டரைப் பற்றி எழுதுகிறவன் அந்த அறையை ஒதுக்கி வைக்க முடியாது. வெளியே என் மனைவி கதவைத் தட்டினாள். "ஏங்க, சவரிமுத்து டாக்டரு போயிட்டாராங்க. ராத்திரியே. நெஞ்சு வலியாம்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி என் வயிற்றை யாரிடம் காட்டுவது என்ற பயம்தான் வந்தது. அந்தப் பயத்தின் விளைவாக இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஜங்ஷன் ரோட்டில் அவருடைய கிளினிக் பெஞ்சில் என்னோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். மற்ற டாக்டர்கள் "பயப்படாதீங்க" என்பார்கள். இவர் "நல்லா பயப்படுங்க" என்பார். "பயப்படுறவந்தான் டெஸ்ட்டு எடுப்பான். தைரியசாலிங்களோட அடக்கப் பூசைக்குத்தான் நான் போயிருக்கேன்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். பெண்ணாடத்திலிருந்து வந்த கரும்பு விவசாயி ஒருவர், "ஒண்ணுமில்லிங்க டாக்டரு, வெறும் கேஸு" என்று ஆரம்பித்தார். டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி நீட்டினார். "நீங்களே சொல்லிட்டீங்க. இந்தாங்க, மாட்டிக்குங்க, அடுத்த ஆளையும் பாத்துடுங்க." பிறகு எடை குறைந்ததா, முழுங்கும்போது தொண்டையில் நிற்கிறதா, ரத்தம் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். மனிதர் பெஞ்சிலேயே வெளுத்துவிட்டார். கடைசியில் பார்த்தால் சாதாரண மலச்சிக்கல். தண்ணீரையும் கீரையையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். வெளியே வந்த விவசாயி, தூக்குத் தண்டனை ரத்தானவர்போல எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் மட்டும் டீ குடித்தும் தெளியவில்லை. காரணம் என் அப்பா. வயிற்றில் எரிச்சல் என்று அவர் சோடா குடித்துக்கொண்டே இருந்தார். அது கட்டி என்று தெரிந்தபோது ஒன்றும் செய்வதற்கில்லை. அவர் செத்த வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் பசி நேரத்தில் மேல் வயிறு எரியத் தொடங்கியிருந்தது. நாலு இட்லி உள்ளே போனால் அடங்கும். அதனால் நாலு இட்லியையே வைத்தியமாக வைத்துக்கொண்டேன். கூடவே முட்டி வலி. அதற்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை வெறும் வயிற்றில் டீயோடு போட்டுக்கொள்வேன்.

நான் செய்யும் தொழில் உங்களுக்குத் தெரியும். செராமிக் எஸ்டேட்டில் சின்னப் பட்டறை, கக்கூஸ் பீங்கான். என் வீட்டில் இருப்பதும் நான் செய்ததுதான். வெள்ளைப் பீங்கானுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, எதையும் மறைக்காது. ஒருநாள் காலையில் குனிந்து பார்த்தேன். தார் ரோடு போடும்போது சட்டியில் கொதிக்குமே, அந்த நிறம். மளமளவென்று தண்ணீரை ஊற்றிவிட்டு, பார்க்கவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதே நிறம். அன்றும் பார்க்கவில்லை.

டாக்டரிடம் போகவில்லை. தொக்கம் எடுக்கப் போனேன். தின்றது செரிக்காமல் உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் தொக்கம் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. எடுப்பவர் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டு, ஒரு குழலை வைத்து உறிஞ்சிப் பாத்திரத்தில் துப்புவார். பழைய கறித் துண்டு ஒன்று அதில் கிடக்கும். அது எப்படி வந்தது என்று கேட்கிற ஆள் அங்கே போகமாட்டான். என் கணக்கு எளிமையானது. கறித் துண்டு வந்துவிட்டால் கட்டி இல்லை என்று அர்த்தம்.

ஊர்க் கோடியில் தொக்கம் எடுக்கிற செல்லம்மா வீட்டில் சட்டையைக் கழற்றி, எண்ணெய் வயிற்றோடு பாயில் படுத்திருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. படி ஏறவே மூச்சு வாங்குகிறேன், தொக்கம் எடுக்கப் போயிருக்கிறேன் என்று என் மனைவி டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"வாங்க டாக்டரய்யா," என்றார் செல்லம்மா, கொஞ்சமும் அசராமல். "மொதலாளிக்கு ஆட்டுக்கறி நிக்குது. எடுத்துட்டா செரியாப் பூடும்."

"எடும்மா, நல்லா எடு. எடுத்து முடிச்சிட்டு மிச்சம் இருக்குற ஆளை என்கிட்ட குடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னா கலர்ல போவுது?"

வரிசையில் காத்திருந்த ஜனம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"அப்புறம் சொல்றேனே சார்..."

"கருப்பா?"

"லேசா."

"லேசான்னா? காப்பிப்பொடியா, தாரா?"

"தாருங்க."

டாக்டர் குனிந்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "சுண்ணாம்பு அடிச்சாப்புல இருக்குது. மொதலாளி, அது கறி இல்ல, உங்க ரத்தம். வயித்துல ஒழுகி, செரிச்சி, கருப்பா எறங்குது. ஒங்களை நீங்களே செரிச்சிக்கிட்டு இருக்கீங்க."

செல்லம்மா குழலைக் கீழே வைத்துவிட்டார். "கூட்டிட்டுப் போயிடுங்கய்யா. இது என் கைக்கு அடங்காது."

டாக்டரே கார் பிடித்துப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊர் தாண்டும் முன்பே கேட்டுவிட்டேன். "கட்டியா சார்?"

"இருக்கலாம்."

"இருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உள்ள பாக்காம சொன்னா நானும் செல்லம்மாவும் ஒண்ணுதான்."

நான் கார் கதவைத் திறந்து குதித்துவிடுவேனோ என்று நினைத்தாரோ என்னவோ, வழியெல்லாம் வயிற்றைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். "வாயி உங்க பட்டறை மில்லு மாதிரி, அரைக்கிறது அதோட வேலை. நீங்க எங்க அரைக்கிறீங்க, அப்படியே தள்ளிவுடுறீங்க. இரைப்பை கலக்குற தொட்டி. அதுல இருக்குறது சுத்தமான ஆசிட்டு. கறியையே கரைக்கிற ஆசிட்டு இரைப்பையை ஏன் கரைக்கல? உள்சுவத்துல, உங்க பீங்கானுக்குப் பளபளன்னு பூசுற மாதிரி, ஒரு கிளேஸ் பூசியிருக்குது. உங்க முட்டி மாத்திரை அந்தக் கிளேஸை உரிச்சிடும். ஒரு கிருமியும் இருக்குது, அதுவும் உரிக்கும். உரிஞ்ச எடத்துல ஆசிட்டு பட்டா புண்ணு. புண்ணு ஆழமானா ரத்தம்." பிறகு சிறுகுடலுக்கு வந்தார். கல்லீரலிலிருந்து பித்தமும் கணையத்திலிருந்து நீரும் அங்கேதான் வந்து சேருமாம், சத்தெல்லாம் ரத்தத்துக்குப் போவதும் அங்கேதானாம். "கடைசியா பெருங்குடலு. உங்க பிளாஸ்டர் அச்சுல களிமண் கூழை ஊத்துனா என்னா பண்ணுது? தண்ணியை உறிஞ்சிக் கெட்டியாக்குது. அதே வேலைதான். ரொம்ப உறிஞ்சினா மலச்சிக்கல், உறிஞ்சாம வுட்டா பேதி." நான் காலமெல்லாம் நடத்திய பட்டறையை எனக்குள்ளேயே இன்னொரு முறை சுற்றிக் காட்டினார். அதில் எந்தத் தொட்டியில் அப்பாவின் கட்டி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அங்கே ரத்தம் ஏற்றினார்கள். பிறகு தொண்டை வழியே கேமராக் குழாயை இறக்கினார்கள். சவரிமுத்து டாக்டர் தலைமாட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூக்கால மூச்சு வுடுங்க, மூக்கால." அவருடைய கை என் கையைவிட அதிகமாக வியர்த்திருந்தது. ஊரையே பயமுறுத்துகிற மனிதருக்கு இவ்வளவு பயமா என்று அந்த நிலையிலும் ஓரக்கண்ணால் பார்த்தேன். புண் தெரிந்தது. அதிலிருந்து துணுக்குச் சதை கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை நான் வாழ்ந்த வாழ்க்கை எதிரிக்கும் வரக்கூடாது. பட்டறையில் போன் அடிக்கும்போதெல்லாம் சூளைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஒருநாள் ஆட்கள் என்னை இழுத்து வந்து ரிசீவரைக் காதில் வைத்தார்கள்.

"மொதலாளி, கிருமிதான். கட்டி இல்ல. மாத்திரையில ஆறிடும்."

அப்படியே பக்கத்தில் இருந்ததன்மேல் உட்கார்ந்தேன். அது இன்னும் சூளைக்குப் போகாத பச்சைப் பீங்கான். பொலபொலவென்று உதிர்ந்து நான் தரையில் கிடந்தேன். ரிசீவருக்குள் அவர் கேட்டார், "என்னா சத்தம்? பயம் போயிடுச்சா? வுட்டுடாதீங்க, பத்திரமா வச்சிக்குங்க."

வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம்தான். தண்ணீர் ஊற்றும் முன் குனிந்து பார்க்கிறேன். வலி மாத்திரையைக் கண்டால் பக்கத்துத் தெருவுக்கு ஓடுகிறேன். யாராவது "வெறும் கேஸு" என்று சொன்னால் அவரைப் போலவே வரிசையாகக் கேட்டு, ஆளை வெளுக்கவைத்து டாக்டரிடம் அனுப்புகிறேன். அப்படிப் போனவர்களில் சிலர் என்னைத் திட்டிக்கொண்டே உயிரோடு இருக்கிறார்கள்.

துக்க வீட்டில் அவர் மனைவி, டாக்டரம்மா, ஒன்று சொன்னார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். போன அன்று சாயங்காலம் சாப்பிட்டு எழுந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றாராம் டாக்டர். கீழே கிளினிக்கில் ஈ.சி.ஜி. மெஷின் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா கெஞ்சியிருக்கிறார். "அதுல வேற ஏதாச்சும் காட்டிட்டா?" என்றாராம் டாக்டர். "மீனு முள்ளுதான். செல்லம்மாவை வரச்சொல்லு."

செல்லம்மாவும் வந்தார். முள்ளும் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப தேவல" என்று சொல்லிப் படுத்தாராம்.