நாத்தனார் குளித்த அருவி

எழுபதுகளின் நடுவில் ஆலங்குளத்திலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கல்யாணத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருத்தி விடாமல் சொன்னது, "ஒனக்கென்னட்டி, குத்தாலம் கூப்பிடு தூரம்." கிணற்றில் இறைத்து இறைத்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்த எனக்கும் அந்த நினைப்பில் வாயெல்லாம் பல்தான்.

கூப்பிடு தூரம்தான். ஆனால் ஆனி பிறந்து மேற்கே மலை கறுத்து, ஊருக்குள் சாரல் விழத் தொடங்கியதும் என் கணவரின் தங்கை மெட்ராஸிலிருந்து வந்து இறங்கிவிடுவாள். புருஷன், பிள்ளைகள், கொழுந்தன் குடும்பம் என்று கூடவே ஒரு பட்டாளம். அவள் பிறந்த வீடு, வரத்தான் செய்வாள். குளிக்க அவள், பொங்கிப்போட நான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காலையில் எண்ணெய்க் குப்பியும் மாற்றுத்துணியுமாக டவுன் பஸ் ஏறுவார்கள். ஒரு நாள் பேரருவி, ஒரு நாள் ஐந்தருவி, ஒரு நாள் பழைய குற்றாலம். அருவியில் நின்றுவிட்டு வந்தவர்களின் பசி இருக்கிறதே, அது சாதாரணப் பசி இல்லை. நாத்தனார் ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கண் சிவந்து, ஏழெட்டுத் தோசையை உள்ளே தள்ளிக்கொண்டே சொல்லுவாள்: "ஒங்களுக்கென்ன மதினி, கொடுத்து வச்சவங்க. வருசம் பூரா இங்கனயே இருக்கீங்க." எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் ஈரத்துணி வாளி என்னிடம் வரும். அவளுடைய நைலக்ஸ் சேலையைப் பிழிந்தால் ஒரு செம்பு அருவி தரையில் ஓடும். எனக்குக் கிடைத்த குற்றாலம் அதுதான். சாரலில் கொடியில் எதுவும் காயாது. அடுப்புக்கு மேலே பிடித்து ஒவ்வொன்றாகக் காயவைக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் கேட்டால், "நாம எப்ப வேணாலும் போலாம்லா. விருந்தாளுக குளிச்சிட்டுப் போட்டும்" என்பார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். சீசனை விருந்தாளிக்கு விட்டுக்கொடுப்பது அங்கே ஒரு மரியாதை. அவர்கள் ரயிலேறி, வீட்டு வேலையெல்லாம் ஓய்ந்து நான் போய்ப் பார்க்கும்போது, அருவி சரியாக மூடாத குழாய் மாதிரி பாறையில் சொட்டிக்கொண்டிருக்கும். வருஷா வருஷம் எனக்கு வாய்த்தது அந்தச் சொட்டுதான்.

எண்பதுகளில் ஓர் ஆடி மாதம். மறுநாள் அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டிருந்த நாத்தனாரிடம், "நானும் வாரேன்" என்றேன்.

"அப்ப சோறு?" என்றார் வீட்டுக்காரர்.

"வந்து பொங்குதேன்."

அவர் மறுபடி வாயைத் திறக்குமுன் செருப்பை மாட்டிவிட்டேன்.

பேரருவியில் பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். முட்டி மோதித் தலையைக் கொடுத்தேன். உச்சந்தலையில், தோளில், முதுகில் தண்ணீர் தடதடவென்று அடித்தது. வருஷக்கணக்காக அடுப்படியில் குனிந்து கிடந்த முதுகு. சந்தோஷம் வர வேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதையா இவள் தினமும் அனுபவித்தாள்? இவ்வளவையும் வாங்கிக்கொண்டா என்னைக் கொடுத்து வைத்தவள் என்றாள்?

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் என் தோளைத் தட்டிக் கத்தினாள். "மதினி, பிள்ளையளுக்குப் பசிக்கு. வாங்க, போய் உலை வைக்கணும்லா."

"பசிக்கட்டும்" என்றேன்.

அந்த இரைச்சலில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டுவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் நகரவில்லை. அருவிக்கு அடியில் பிடித்துக்கொள்ளப் பதித்திருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னும் உள்ளே தள்ளி நின்றேன்.