குருவிகள் வாயடைத்தபோது

தவிட்டுக்குருவிகளும் மின்சிட்டுகளும் ஒரு கரிச்சானும் ஒன்றாகக் கலந்து மரத்தில் இரை தேடிக்கொண்டிருந்தன. கீழே நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். என் பூட்ஸ் சுள்ளியை மிதித்ததும் கரிச்சான் கத்தியது. மொத்தக் கூட்டமும் வாயடைத்துப்போனது.

அந்த அமைதி எட்டு வயதிலேயே எனக்குப் பழக்கம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்புக்கு விறகு பொறுக்க அம்மாவோடு இதே காட்டுக்கு வருவேன்.

"குருவிங்க சத்தம் போடுற வரைக்கும் பயமில்ல. சத்தம் நின்னுச்சுன்னா காட்டு வாச்சர் வாராரு, குந்திக்க" என்பாள். பிடிபட்டால் விறகோடு கத்தியும் போய்விடும். அவள் சேலையின் கொழுந்து வாசனைக்குள் முகம் புதைத்து மூச்சடக்கிக் கிடப்பேன்.

இன்று அந்த வாச்சர் வேலையில் இருப்பது நான்தான். புதருக்குப் பின்னால் ஒரு விறகுக்கட்டும், அதனருகே இரண்டு சின்னப் பாதங்களும் தெரிந்தன.

குருவிகள் மறுபடியும் சத்தம் போடும்வரை, திரும்பிப் பார்க்காமல் கீழே நடந்தேன்.