சின்னவள் பாறையில் உட்கார்ந்த நாலு மணி நேரம்

எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. இருந்தாலும் சின்னவள் சின்னவள்தான். ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். வில்லையை வெட்டி, ஓரம் தேய்த்து, சட்டத்தில் பொருத்துகிற வேலை. கொஞ்சம் சாய்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். இத்தனை வருஷத்தில் அவள் கைபட்ட கண்ணாடி குறை சொல்லித் திரும்பி வந்தது ஒன்பதே முறை. அதிலும் ஆறு, டாக்டர் சீட்டில் எழுதியதே தப்பு.

நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துவிட்டது. அதனால் அவளுக்கு இருந்த ஆசையும் சின்ன ஆசைதான்: கடலைப் பார்த்துக்கொண்டு புருஷனோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். பேசக்கூட வேண்டாம்.

புருஷன் குழாய்க்காரர். தொழில் வட்டாரத்தில் 'வாஷர்' என்றால்தான் யாருக்கும் தெரியும். சட்டைப்பையில் எந்நேரமும் நாலைந்து ரப்பர் வாஷர் கிடக்கும். துவைக்கப் போட்டால் அவையும் சேர்ந்து துவையும். நல்ல மனுஷன். குடி கிடையாது, கோபம் கிடையாது. ஒரே ஒரு வியாதி: எங்காவது தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போனபின் வீடு வெறிச்சோடிப் போயிற்று. "மாசத்துல ஒரு சனி ஞாயிறு கடற்கரைப் பக்கம் போயிட்டு வருவோம்" என்று முதலில் சொன்னவரே வாஷர்தான். சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கடை விடும். மூன்று பத்துக்குப் பஸ். ஆறரைக்கெல்லாம் கடலோரத்தில் ஏதாவதொரு விடுதியில் ரூம். ஞாயிறு முழுக்கச் சும்மா இருந்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்புவது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

முதல் தடவை ரூமில் கக்கூஸ் தொட்டி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் சரிசெய்தார். விடுதிக்காரர் கையைப் பிடித்து நன்றி சொல்லி இரண்டு டீ கொடுத்தார். சின்னவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை ஷவர். மூன்றாம் தடவை வேறு ஊர், வேறு விடுதி, கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஒழுக்கு. அதன்பின் ஒரு சின்னப் பை கூடவே வர ஆரம்பித்தது. ஸ்பேனர், டேப், ரம்பம், இத்யாதி.

"கடலுக்கு எதுக்குங்க ரம்பம்?"

"இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கப்போவுது."

எது கிடந்தது? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? அவள் துண்டை விரித்து மணலில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டு வைப்பாள். "இதோ அஞ்சு நிமிஷம்" என்று போனவர், அவள் முதுகு கருத்துக் கால் மணலில் புதைந்து எழுந்து வருகிற வரைக்கும் வரமாட்டார். பதினோரு பயணம். சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது, பஸ் சீட்டைத் தவிர, எங்கும் இல்லை.

பதினோராவது தடவைதான் விஷயம் விளங்கியது. ரூம் கேட்டு அவளே போன் போட்டாள். மறுமுனையில் விடுதிக்காரர், ஊரைக் கேட்டதும், "ஓ, நீங்களா! சார் பை எடுத்துட்டு வருவார் இல்ல?" என்றார்.

அதுவரை அவள் அந்த விடுதியில் கால் வைத்ததே இல்லை.

கடலோரத்து விடுதிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டு, கெட்டுப்போன ரூமாகப் பார்த்து இவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்! கிட்டத்தட்ட ஒரு வருஷமாகத் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

"பாவம்மா, அவங்களுக்கு இந்தப் பக்கம் நல்ல ஆள் கிடைக்கலையாம்" என்றார் வாஷர்.

"நமக்கு நல்ல ரூம் கிடைக்கலையே, அது பாவம் இல்லையா?"

பதிலுக்குச் சிரித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது பயணம் அதே விடுதிக்கு. காரணம் அந்தப் பாறை. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடலுக்குள் ஒரு பெரிய பாறை, அதன்மேல் பழைய விளக்குக் கம்பம், ஒரு கூரை, ஒரு பெஞ்சு. தண்ணீர் வற்றியிருக்கும்போது வழுக்குகிற கல்பாதையில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இருபது நிமிஷத்தில் நடந்தே போகலாம். தண்ணீர் ஏறினால் பாதை முழுகிவிடும். கரையில் ஒரு பலகையில் அன்றன்றைய நேரத்தை எழுதிவைப்பார்கள். போன தடவை குழாயால் தவறிப்போயிற்று. இந்தத் தடவை வாஷர் சத்தியமே பண்ணியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை நாம பெஞ்சுல உக்கார்றோம். நான் கேரண்டி."

பலகையில் எழுதியிருந்தது: 'பத்தரைக்குள் கரை திரும்பவும். மீண்டும் பாதை தெரிவது இரண்டரைக்கு. பாறையில் தங்கிவிட்டவர்கள் பயப்படாமல் அங்கேயே இருக்கவும்.'

காலை எட்டு மணிக்கு நாலு முட்டை அவித்துக்கொண்டாள். ரொட்டி, மடித்த தாளில் உப்பு மிளகு, தண்ணீர் பாட்டில். எட்டரைக்குச் செருப்பை மாட்டினாள். வாஷர் கைகழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். காலிரண்டும்தான் வெளியே தெரிந்தன.

"ஏங்க."

"இதோ, மாடியில வால்வைக் கூட அடைச்சிட்டேன். அஞ்சே நிமிஷம்."

ஒன்பதாயிற்று. ஒன்பதேகால் ஆயிற்று.

"மணி ஒன்பதரை. நான் கிளம்புறேன்."

"நீ முன்னாடி நட, பின்னாடியே ஓடியாறேன்" என்றது தொட்டிக்கடியிலிருந்து குரல். அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் நின்றாள். ஓங்கி மிதிக்கலாமா என்றுகூட இருந்தது. பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பாறைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தடிக்க ஐந்து நிமிஷம். பெஞ்சின் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். பழக்கதோஷம், பக்கத்தில் இடம் விட்டுத்தான். பத்து ஐந்து. பத்து பத்து. இப்போது எழுந்தால்தான் கரை சேரலாம். மற்றவர்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அவள் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டாள். எழுந்து போய் என்ன செய்ய? ரூமில் போய் அந்த இரண்டு காலையும் பார்க்கவா?

எழுந்திருக்கவில்லை.

பத்து முப்பத்தைந்துக்குக் கரையில் ஓர் ஆள் ஓடிவந்தார். கையில் ஸ்பேனர் வெயிலில் மின்னியது. பாதையின் நடுவே தண்ணீர் இரண்டு பக்கமும் கைகோத்துவிட்டிருந்தது. முழங்கால் வரை இறங்கி, பலகையைப் பார்த்து, திரும்பி ஏறினார். கையை ஆட்டினார். அவளும் ஒரு தடவை ஆட்டினாள், உயிரோடு இருக்கிறேன் என்பதற்காக. அப்புறம் ஆட்டவில்லை.

வாஷர் இங்கும் அங்கும் நடந்தார். பலகையிடம் போனார், வந்தார். பதினொன்றுக்கு மேல், செய்வதற்கு ஒன்றுமில்லாமல், அங்கேயே மணலில் உட்கார்ந்தார்.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்ததை அவள் அன்றுதான் கண்டாள். அதற்கு இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கடல் வேண்டியிருந்தது. இரண்டு முட்டையை உரித்துத் தின்றாள். அவர் பங்கு இரண்டைத் தொடவில்லை. கூரை நிழல் நகர நகர அவளும் நகர்ந்தாள். கரையில் இருந்தவருக்கு நிழல் இல்லை. அவர் நகரவும் இல்லை.

இரண்டரைக்கு முன்பே, பாதையில் இன்னும் கணுக்கால் தண்ணீர் இருக்கும்போதே, வாஷர் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு வந்துவிட்டார். முகம் செம்பு மாதிரி காந்தியிருந்தது.

"பயந்தே போயிட்டேம்மா."

"பலகையில எழுதியிருக்கே, பயப்படாதீங்கன்னு."

"அது பாறையில இருக்கிறவங்களுக்கு. கரையில இருக்கிறவனுக்கு ஒண்ணும் எழுதலையே." சுருட்டின பேண்ட்டைப் பிழிந்தார். "நீ வேணும்னேதான் உக்காந்தியா?"

"ஆமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பை?" என்று கேட்டாள்.

"ரூம்ல. குழாயைக் கழட்டினது கழட்டினபடி கிடக்கு."

அப்போது கரையிலிருந்து ஒரு கூப்பாடு. விடுதிக்காரர் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்திக்கொண்டிருந்தார். "சார்! ரூம் முழுக்கத் தண்ணி! மத்த ரூமுக்குத் தண்ணி வரலைன்னு வால்வைத் திறந்தேன், உங்க ரூம் ரொம்பிருச்சு! ஓடியாங்க!"

வாஷரின் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. சின்னவள் பெஞ்சில் தன் பக்கத்திலிருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் பார்த்தார். பிறகு கரைப்பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினார்.

"மாடியில! திறந்த அதே வால்வு! வலது பக்கமாத் திருப்புங்க!"

"நீங்க வரலையா?"

"அஞ்சு நிமிஷம்!" என்று கத்திவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றரை பஸ் போனால் ஐந்து மணிக்கு இன்னொன்று உண்டு. இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலை பாறையில் மோதி வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் பாறையைச் சுற்றியிருந்த கம்பிவேலியில் ஒரு திருகாணி லொடலொடவென்று ஆடுகிற சத்தம். வாஷரின் கை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போயிற்று.

சின்னவள் அந்தக் கையை இழுத்து அதில் ஒரு முட்டையை வைத்தாள்.

"உரிங்க."