ஆவணி ஆறும் ஆகஸ்ட் ஆறும்

இங்கே நெதர்லாந்தில் தேதி சொல்வது குறைவு. ‘முப்பத்தாறாம் வாரம் சந்திப்போம்’ என்பார்கள். வந்த புதிதில் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து, அது எந்த மாதம் என்று கைபேசியில் தேடுவேன். வருடத்தை வாரமாக எண்ணுகிறவர்களிடம் நான் கொண்டுவந்த ஆய்வோ மாமாவின் ஆவணியிலும் புரட்டாசியிலும் இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் விவசாயம். வாய்க்கால் தண்ணீர் பிந்தி வருகிறது என்று கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துப் போனார். சிதம்பரத்தில் கல்லூரி முடித்திருந்த நான் எழுதிக்கொடுத்த மனு. “கணக்கு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?” என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். மறுநாளிலிருந்து முழத்துக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் எத்தனை முழம் கீழே இருக்கிறது என்று அளக்கத் தொடங்கினார். நான் இங்கே வந்த பிறகும் தினம் குரல் செய்தி வரும்: “மாப்ள, ஆவணி ஆறு. பதினொண்ணுலேருந்து ஒம்போது முழத்துக்கு ஏறி வந்துடிச்சி.” இப்படி ஒரு வருடம்.

அதைத்தான் வரைபடமாக்கினேன். கீழ் அச்சில் ஆங்கில மாதம், அதில் வாய்க்கால் மதகு திறந்த தேதி; மேல் அச்சில் தமிழ் மாதம், அதில் மாமாவின் கிணற்று அளவுகள். என் வழிகாட்டி மார்லேன் (பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இன்னும் நாக்கு கூசுகிறது) திரையைப் பார்த்தார். ஆங்கில மாதங்கள் தொடங்கும் இடத்தைக் காட்டும் சின்னக் குறிகளான டிக்குகளிலிருந்து எழும் புள்ளிக்கோடுகள், மேலே இரண்டு டிக்குகளுக்கு நடுவில் போய் முட்டிக்கொண்டிருந்தன. “இவை எதிலும் பொருந்தவில்லையே. ஒழுங்குபடுத்து” என்றார். நம் மாதம் ஆங்கில மாதத்தின் பாதியில்தான் பிறக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியர் சொன்னால் ‘சரி’ என்று மட்டுமே சொல்லிப் பழகியவன், சரி என்றேன்.

மேல் அச்சை நகர்த்தி, ஆவணி ஒன்றை ஆகஸ்ட் ஒன்றின் தலையில் நிறுத்தினேன். புள்ளிக்கோடுகள் நூல் பிடித்ததுபோல் நின்றன. பெயர்களைத்தான் நகர்த்துகிறேன் என்று நினைத்தேன். முளையைப் பிடுங்கி நட்டால் கட்டியிருக்கும் மாடும் கூட வருமே. மேல் அச்சோடு பிணைந்திருந்த கிணற்றின் கோடும் இரண்டு வாரம் முன்னால் போயிருந்தது.

“மதகு திறந்தது முப்பத்து நான்காம் வாரம். கிணறு ஏறியது முப்பத்திரண்டா?” மார்லேன் கடிந்துகொள்ளவில்லை. “உன் மாமாவின் அளவுகள் நம்பும்படி இல்லை. எடுத்துவிடுவோம்.”

வெளியே வந்து மாமாவை அழைத்தேன். “மாமா, தேதி ஏதாச்சும் மாத்திச் சொல்லிட்டீங்களா?”

“ஏன்டா, காவாயில தண்ணி வராம கெணறு தானா ஏறுமா? மதகு தொறந்த மறுநாதான் ஏறிச்சு. ஆவணி ஆறு. ஆபீஸ்ல நம்பல, சரி. நீயுமாடா மாப்ள?”

நான் நகர்த்தியது அப்போதுதான் உறைத்தது. படித்தவன் செய்த பிழைக்குப் படிக்காதவரைச் சந்தேகித்திருக்கிறேன். “தப்பு என்னுது மாமா. எங்க மேடம் கோட்ட ஒழுங்குபடுத்தச் சொன்னப்ப மாசத்த நகத்திட்டேன்” என்றேன். “அப்ப போய் அந்த அம்மாகிட்ட சொல்லு. என்கிட்ட எதுக்கு சொல்ற?” என்றார்.

போய்ச் சொன்னேன். பழைய இடத்துக்கு அச்சைத் திருப்பியதும், மதகு திறந்த மறுநாள் கிணறு ஏறியது. மார்லேன் வாரங்களை எண்ணிப் பார்த்தார். “அளவுகள் இருக்கட்டும். ஆனால் புள்ளிக்கோடு ஏதாவது ஒரு மாதத்தில் நிற்கட்டும். எதில்?”

“மாமாவுடையதில்.”

“இங்கே படிப்பவர்களுக்குச் சிரமம்.”

“கொஞ்சம் படட்டும்” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அச்சான பக்கத்தை மாமாவுக்கு அனுப்பினேன். மாதப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அழைத்தார். “கோடெல்லாம் ஆவணி, பொரட்டாசில சரியா நிக்குது. கடலூருக்கு எடுத்தும் போவலாம். கீழ இருக்கறது மட்டும் ஏன்டா எதுலயும் ஒட்டாம நிக்குது?”

“அது நான் இருக்கற ஊரு மாசம் மாமா.”

நான் திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே நான் எழுந்து வேலைக்குப் போகும் நாள்களெல்லாம் அந்தக் கீழ் டிக்குகளில்தான் விழுகின்றன. அவற்றிலிருந்து மேலே ஒரு கோடும் எழவில்லை.