மூன்று முங்கு

பிப்ரவரி 9: எதிர்க்கடை 3, வாளியம்மா கடை 41.
பிப்ரவரி 23: எதிர்க்கடை 2, வாளியம்மா கடை 38.

இது வரவு செலவு அல்ல. ஒரு கட்டுக் கீரையை அலசி, அலசிய தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்து, சுகாதார ஆய்வாளர் எண்ணிய குடற்புழு முட்டைகள்.

சந்தை வாசலில் முதல் கடை வாளியம்மாவுடையது. இருபத்திரண்டு வருடமாகக் கீரை விற்கிறாள். தலையில் தொப்பி, கையில் உறை, பக்கத்தில் ஒரு நீல வாளி. எந்தக் கட்டு வந்தாலும் அதில் மூன்று முங்கு முக்கி, உதறி அடுக்குவாள். கீரை கண்ணைப் பறிக்கும். சந்தை அலுவலகம் மெச்சி, ‘தூய்மைக் கடை’ என்று பலகையே கொடுத்திருந்தது. எதிர்க்கடை அவள் கொழுந்தனுடையது. கீரையைக் கழுவுவது இருக்கட்டும், அவன் முகம் கழுவினாலே அன்று மழை வரும் என்பார்கள்.

மூன்றாம் சோதனையிலும் பத்தைத் தாண்டினால் வாசல் கடை போய்விடும். குப்பைக் கிடங்கின் ஓரத்தில்தான் உட்கார வேண்டும். வாளியம்மா ஆய்வாளரை மறித்துக்கொண்டாள்.

"சார், மாத்தி எழுதிட்டீங்க. நாப்பத்தொண்ணு அந்த அழுக்கு மூட்டைக்கு வர வேண்டியது."

"அழுக்கு மூட்டைக்கு மூணுதாம்மா."

"நான் சோம்பேறி அண்ணி," என்றான் கொழுந்தன் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "வந்ததை வந்தபடி விக்கிறேன். உங்கள மாதிரி புழுவ வீடு வீடாப் பங்கு வைக்கத் தெரியாது."

ஆய்வாளர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தத் தண்ணிய எப்பம்மா மாத்துவீங்க?"

"ஏன் மாத்தணும்? காலையிலதானே புதுசாப் பிடிச்சேன்."

குழாய் நூற்று நாற்பது அடி தள்ளி, கழிப்பறைக்குப் பின்னால் இருந்தது. பக்கத்தில் ஒரு குழாய் போடச் சொல்லி அலுவலகத்துக்கு நான்கு மனு எழுதியிருந்தாள். பதில் இல்லை. ஆகவே நாள் முழுவதற்கும் ஒரே வாளி. கத்தி கழுவுவது அதில், கையுறையை அலசுவது அதில், கழிப்பறைக்குப் போய் வந்தால் கால் கழுவிக்கொள்வதும் அதில்தான். சுத்தம் பார்ப்பவள் அல்லவா!

ஆய்வாளர் வாளியின் அடிவண்டலில் ஒரு கரண்டி எடுத்துப் போனார். மறுநாள் வந்து சொன்ன எண் 112.

"ஒரு கட்டுல இருக்கிறது எல்லாக் கட்டுலயும் ஏறுதும்மா. ஓடுற தண்ணியில கழுவணும். இல்லன்னா கழுவாமலே குடுத்துடுங்க, வீட்டுல நல்லா கழுவிக்கட்டும்."

"அப்ப இத்தனை வருஷமா நான் கழுவலையா? கலந்து குடுத்தேனா?"

ஆய்வாளர் பேனாவை மூடினார்.

அன்றே வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துத் தெருவோரம் எறிந்தாள். மறுநாள் முதல் கீரை மண்ணோடு வந்தது, மண்ணோடு அமர்ந்தது.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா? கடை இப்படிக் கிடக்கு?" என்றாள் வழக்கமாக வாங்குகிறவள் ஒருத்தி.

"வீட்டுல குழாயத் திறந்துவிட்டுக் கழுவும்மா."

"கழுவுறதுக்கா காசு குடுத்து வாங்குறோம்?"

அவள் எதிர்க்கடைக்குப் போனாள். அங்கே கீரை பளபளத்தது. எறிந்த நீல வாளி கொழுந்தனின் காலடியில் நிறைந்திருந்தது. பிறந்ததிலிருந்து குனியாதவன் குனிந்து குனிந்து முக்கிக்கொண்டிருந்தான்.

"கொழுந்தனாரே, அது வேணாம். அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்கல்ல?"

"வயித்தெரிச்சல் அண்ணி உங்களுக்கு. கூட்டத்தைப் பாருங்க."

மார்ச் 9: எதிர்க்கடை 63, வாளியம்மா கடை 2.

மார்ச் 20-இல் அலுவலகக் கடிதம் வந்தது. வாளியம்மா சோதனையில் தேறினாள். வாசல் கடை அவளுக்கே. ஆனால் கடை மண்ணாக இருப்பதாகப் பொதுமக்களிடமிருந்து பதினேழு புகார்கள். எனவே ‘தூய்மைக் கடை’ பலகையை எதிர்க்கடையிடம் ஒப்படைக்க வேண்டும். அறுபத்து மூன்றுக்கு? முதல் தவறு என்பதால் எச்சரிக்கை மட்டும்.

பலகையைத் துடைத்து எடுத்துப்போய், கொழுந்தன் கடை ஆணியில் தானே மாட்டினாள்.

"இந்தாங்க, வாளிக்கு ஜோடி சேர்ந்தாச்சு. இனிமே ஊர்ல ஒரு வயிறு பாக்கி இருக்கக் கூடாது."

அன்றைக்கே ஐந்தாவது மனுவையும் எழுதிப் போட்டாள்: வாசலில் ஒரு குழாய் போடுங்கள், ஓடுகிற தண்ணீரில் கழுவித் தருகிறேன் என்று. இம்முறை ஏப்ரல் 6-இல் பதில் வந்தது. தங்கள் கடையில் இப்போது வாளி இல்லாததால் தண்ணீர் தேவைப்படவில்லை எனத் தெரிகிறது. ஐந்து மனுக்களும் முடித்து வைக்கப்படுகின்றன என்று இருந்தது.