சின்னவள் பார்த்த பிரேக்

கருவி அலமாரியின் சாவி, சுவரில் தன் மேலங்கிக்கென்று ஓர் ஆணி, பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள், நான்காம் முயற்சியில் ஓட்டுநர் உரிமம். சின்னவள் முட்டி மோதி வென்றவை இவை. ஒவ்வொன்றுக்கும் தேதி சொல்ல அவளுடைய அக்காவால் முடியும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்கா, சின்னவள் மெக்கானிக்காக இருக்கும் அதே கார் பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறாள். பழைய பாகத்தைக் கையில் கொடுத்தால்தான் புதியது தருவாள். தங்கைக்கும் அதே சட்டம். "ரத்த சொந்தமெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம்" என்பாள்.

சின்னவளின் சட்டம் வேறு. பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, பிரேக்கை மூடியிருக்கும் டிரம் இரண்டையும் எடுத்துவிட்டாலும், ஒரு பக்கத்தை முடிக்காமல் மறுபக்கத்து ஸ்பிரிங்கைத் தொட மாட்டாள். எது எந்தத் துளையில் இருந்தது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கம் போய்க் குனிந்து பார்ப்பாள். "அதான் என் புஸ்தகம்." அங்கே எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கும். மற்றவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். சின்னவள் தடுமாறியதில்லை. பள்ளியில் எழுத்துகளை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுத் திட்டு வாங்கி, மூன்றாம் வகுப்பிலேயே பையைத் தூக்கி எறிந்தவள் அவள். வங்கியில் இன்றுவரை கட்டைவிரல்தான்.

டிரம்முக்குள் படிந்த தூசியை யாரும் ஊதக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் புது பிரேக் ஷூவைத் தொடும் முன் மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள், எண்ணெய்க் கை பட்டால் பிடிமானம் போய்விடும் என்று. ஷூவின் நெருக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும் வரை முறுக்கி, பிறகு ஒவ்வொரு சொடுக்காகத் தளர்த்தும்போது, உரசல் காதில் விழ, பட்டறை வானொலியை யாராவது அணைத்தாக வேண்டும். "இருடி, அவசரப்படாதே" என்பது வண்டிக்குச் சொல்வது. கம்பிச் சக்கரம் என்றால் கூடுதலாக ஒரு வேலை: ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் தட்டிக் கேட்பாள். தளர்ந்துபோன கம்பி மற்றவற்றைப் போலக் கணீரென்று ஒலிக்காது.

எந்த வண்டியும் பிரேக் கார்டு இல்லாமல் வாசலைத் தாண்டாது. கார்டை நிரப்புவது அக்கா. 'பிரேக் பார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்து வேண்டும். ஆறு வருடமாகச் சின்னவள் பார்த்த பிரேக்குக்கெல்லாம் மேஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பல் டாக்டரம்மாவின் பச்சை நிறப் பழைய கார் வந்தது. பின் பிரேக் மட்டும் பார்க்க வேண்டும். மாலையில் எடுத்துப் போவார்கள். அந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவில், அடித்துத் திருப்ப இரு காது வைத்த ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கும். செம்புச் சுத்தியால் மேல் காதை வண்டியின் முன்பக்கமாக அடித்தால் கழல வேண்டும். சின்னவள் அடித்தாள், இறுகியது. இன்னொரு அடி, இன்னும் இறுகியது. சுத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் அடித்துப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே.

முன்பு அச்சைப் பிரித்த யாரோ, நட்டு ஏறும் ஹப் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்றாள். இரு பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசை; மாறி இருந்தால் ஓட ஓட நட்டு தானே தளரும். நட்டுகளை எதிர்ப்பக்கமாக அடித்துக் கழற்றி, பிரேக்கை முடித்தாள். வண்டியைத் தாங்கியிலிருந்து இறக்க மட்டும் மறுத்தாள்.

நமக்கு வந்த வேலை பிரேக், இறக்கு என்றார் மேஸ்திரி.

"பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும் மேஸ்திரி. சக்கரமே கழண்டு நமக்கு முன்னாடி ஓடிட்டா அது எதை நிறுத்தும்?"

"இடது எது, வலது எதுன்னு வாத்தியாரையே அழ வெச்சவ நீ. எனக்கே நட்டு பாடம் எடுக்கிறியா?"

பட்டறையே சிரித்தது. அக்கா மட்டும் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் கழுத்துக் கயிற்றில் தொங்கிய அலமாரிச் சாவியை அவிழ்த்து மேஸ்திரியின் மேசையில் வைத்தாள்.

"நான் சொல்றது தப்புன்னா இதை நீங்களே வெச்சுக்குங்க. நாளையிலேர்ந்து பழையபடி சாமான் கழுவுறேன்."

அந்தச் சாவிக்கு அவள் நான்கு வருடம் காத்திருந்தாள் என்பது மேஸ்திரிக்கும் தெரியும். சிரிப்பு அடங்கியது. அவர் தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, பின் சக்கர நட்டு எப்போதாவது தளர்ந்ததுண்டா என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"வாராவாரம் நாலு தட்டு தட்டித்தானே ஓட்டுறேன்? பழைய வண்டியும் பழைய பல்லும் ஒண்ணு. ஆடத்தான் செய்யும்."

வண்டி நாளைக்குத்தான் கிடைக்கும் என்று சொல்லிப் பேச்சை முடித்த மேஸ்திரி, சாவியை ஒரு விரலால் சின்னவள் பக்கம் தள்ளினார். அச்சு நட்டைக் கழற்ற நீளக் குழாயை அவரே தேடிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் ஹப் இரண்டும் அதனதன் பக்கம் வந்துவிட்டன. சின்னவள் முற்றத்தில் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு முறையும் இறங்கி நட்டைத் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. அக்கா கார்டை நிரப்பி வழக்கம்போல் மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"பார்த்தவகிட்டக் குடு."

"கோணலாப் போயிடும்க்கா" என்றாள் சின்னவள்.

"போகட்டும். பேனாவுக்கு மட்டும் நான் பழசு கேக்க மாட்டேன்."

சின்னவள் பேனாவை வாங்கவில்லை. முதலில் குழாயடிக்குப் போனாள். மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், நகக்கண்ணையும் விடவில்லை. துடைத்துக்கொண்டு வந்து குனிந்து, அட்ஜஸ்டரைச் சொடுக்குச் சொடுக்காகத் தளர்த்துவதுபோல் தன் பெயரின் நான்கு எழுத்துகளை இறக்கினாள். யாரோ வானொலியை அணைத்திருந்தார்கள். இரண்டாம் எழுத்து திரும்பி நின்றது. அக்கா அதைத் திருத்தவில்லை. கார்டைத் தன் பக்கம் இழுத்து, பக்கத்துக் கட்டத்தில் தன் நேரான எழுத்தில் எழுதினாள்: சனிக்கிழமை, 17 ஆகஸ்டு 2019.